ஜிம்மிக்கும் அம்மாவுக்கும் ஒரே குளிசை

வாசகர் ஒருவர், 2024 மார்ச் 9, காலை

“நாய்க்கு ஸ்டீராய்ட் தொடங்கினால் ஈரல் போய்விடும். எங்கள் வீட்டு நாய்க்கும் இப்படித்தான் கண் மஞ்சளானது. வைத்தியர் தந்த குளிசையை மூன்றாம் நாளே நிற்பாட்டிவிட்டுக் கீழ்க்காய்நெல்லி அரைத்துப் பாலில் கொடுத்தோம். எழும்பி நடந்தது. நீங்கள் ஏழேழு குளிசையாகக் கொடுத்து அந்த வாயில்லாச் சீவனைக் கொல்ல வேண்டாம். இன்றைக்கே நிற்பாட்டுங்கள்.”

2024 மார்ச் 9, பகல்

நிற்பாட்ட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

ஜிம்மி தெருவில் பிறந்தவன். ஏழு வயது, 18 கிலோ. திருகோணமலை பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்குப் பாண் ஓட்டோ வந்தால் அதன் பாட்டோடு சேர்ந்து ஊளையிடுவான். ஒரு நாளும் தவறியதில்லை. பெப்ரவரி 17, சனிக்கிழமை, ஓட்டோ வந்தது, பாடியது, போனது. இவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு, அதாவது பல்லீறு, அவித்த முட்டை மாதிரி வெள்ளை. கண் ஓரத்தில் மஞ்சள். மாமரத்தடியில் போன மூத்திரம் பிளேன்டீ நிறம்.

இங்குள்ள மிருக வைத்தியர் முதலில் உண்ணிக் காய்ச்சலைத்தான் சந்தேகித்தார். நம் பக்கத்தில் அதுதான் முதல் சந்தேகம், அது சரியும்கூட. கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பீசீவீ 15 என்றார். அதாவது இரத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் செங்குருதிக் கலம். நல்ல நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு இரத்தத்தில் சேலைன் விட்டு அசைத்துக் காட்டினார். திரைந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாக நின்றது. “இவன்ர உடம்பே இவன்ர இரத்தத்தைச் சாப்பிடுது. பேராதனை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்றார்.

எனவே மஞ்சள் ஈரலில் தொடங்கவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி, சொந்தச் செங்குருதிக் கலங்களில் அடையாளம் ஒட்டிவிடுகிறது. மண்ணீரல் அவற்றை விழுங்குகிறது. உடைந்த இரத்தத்தின் நிறம்தான் கண்ணில் தெரிந்தது. கீழ்க்காய்நெல்லி நல்ல மூலிகையாகவே இருக்கட்டும், அது இந்தச் சண்டையை நிறுத்தாது. சண்டையை நிறுத்தத்தான் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்ட். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். 18 கிலோவுக்கு 36, கிடைப்பதோ 5 மில்லிகிராம் குளிசை. அதனால்தான் ஏழு.

நேற்று ஊரே சிவராத்திரி என்று கோணேசர் கோயிலில் விழித்திருந்தது. எனக்குப் பதினெட்டு நாளாகத் தினமும் சிவராத்திரி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மூத்திரத்துக்குக் கதவு திறக்க வேண்டும்.

2024 மார்ச் 9, இரவு

பேராதனைப் பயணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட பெரிய நாய் ஒன்று கூட இருந்தால் நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். முன்வீட்டு அண்ணை தன் சீசரைத் தந்தார். ஜெர்மன் ஷெப்பர்ட், 34 கிலோ. விடிய மூன்று மணிக்கு வான் ஏறினோம். சாகக் கிடந்த ஜிம்மி சத்தமில்லாமல் படுத்து வந்தான். உயிர் கொடுக்க வந்த சீசர் கந்தளாயில் ஒன்று, ஹபரணையில் ஒன்று, மாத்தளை வளைவுகளில் கணக்கில்லாமல் சத்தி எடுத்தார். கடைசியில் அவருடைய இரத்தம் தேவைப்படவேயில்லை. ஊசியாலும் குளிசையாலும் பீசீவீ இறங்காமல் நின்றுவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து சீசருக்கு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எலும்பு உண்டு.

2024 மார்ச் 10

திருத்தம். ‘கண்ணாடித் துண்டில் ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதியதை யாரும் ‘உண்ணிக் காய்ச்சல் இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் நாய்களுக்கு உண்ணியால் வரும் சிறிய பபீசியாக் கிருமி அந்தப் பரிசோதனைக்குத் தப்பிவிடும். அதுவே இந்த இரத்தச் சண்டையைக் கிளப்பியும் விடும். உள்ளே கிருமி இருக்க, மேலே ஸ்டீராய்ட் கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் பேராதனையில், கிருமியின் மரபணுவைத் தேடும் பீசீஆர் பரிசோதனைக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை டொக்ஸிசைக்கிளின் என்ற கிருமிகொல்லியையும் சேர்த்துத்தான் கொடுத்தோம். முடிவில் ஒன்றும் இல்லை.

உங்கள் நாய் கீழ்க்காய்நெல்லியில் எழும்பியது என்றீர்களே. அதற்கு வந்தது என்ன நோய் என்று யாராவது பார்த்தார்களா? கோபத்தில் கேட்கவில்லை.

2024 மார்ச் 13

பசி.

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதாவது சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை. ‘கொஞ்சம் கூடுதலாகப் பசிக்கும்’ என்றார் வைத்தியர். நேற்று ஒரு இறாத்தல் பாணைப் பையோடு சாப்பிட்டான். முந்தாநாள் குப்பை வாளி. இன்று அம்மாவின் ஒரு செருப்பு, அதில் மீன் தண்ணீர் சிந்தியிருந்ததாம்.

நான் ஏசினேன். அம்மா என்னை ஏசினார். “எனக்குத் தெரியும் அந்தப் பசி. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவுறதுக்குள்ள திரும்பப் பசிக்கும். அது நாய்க்குணமில்ல, குளிசைக்குணம்.”

அம்மாவுக்கு வயது 68. மூட்டுவாதத்துக்குப் பல வருடமாக இதே பிரெட்னிசொலோன் எடுக்கிறார், நாளுக்கு ஒன்று. வீட்டில் இப்போது ஒரே குளிசைக்கு இரண்டு நோயாளிகள். காலை ஏழு மணிக்கு, சாப்பாட்டோடு. அம்மா தன்னுடையதை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைச் சூடை மீனுக்குள் திணிப்பார்.

2024 மார்ச் 14

பசிக்கு இப்போது செய்வது: அதே அளவு சோறு, ஆனால் நான்கு தரமாக. கூடவே அவித்த பூசணி, போஞ்சி, தோல் சீவிய கெக்கரிக்காய். இரைப்பை நிரம்ப வேண்டும், கொழுப்பு ஏறக்கூடாது. கொழுப்பான சாப்பாட்டோடு ஸ்டீராய்ட் சேர்ந்தால் கணையம் வீங்கலாம் என்றார்கள்.

வெங்காயம் அறவே இல்லை. இது எனக்கு வெட்கமான விஷயம். ஏழு வருடமாக மிஞ்சிய சொதியில்தான் அவனுக்குச் சோறு பிசைந்தோம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலத்தை நேரடியாக உடைக்கும் சாமான்கள். அவனுடைய நோய் அதனால் வரவில்லை என்று வைத்தியர் ஆறுதல் சொன்னார். என்றாலும் ஏற்கெனவே உடைகிற இரத்தத்துக்கு மேலும் சொதி ஊற்றுவானேன். அம்மா இப்போது அவனுக்குத் தனிச் சட்டியில் சமைக்கிறார். உப்பு, மஞ்சள், மீன், சோறு. எனக்குத்தான் பல நாள் கடைச் சாப்பாடு.

2024 மார்ச் 25

பீசீவீ மார்ச் 9 இல் 31, இன்று 34. முதல் குறைப்பு. ஏழிலிருந்து ஐந்தரை. பாண் ஓட்டோவுக்கு இன்னும் ஊளை இல்லை, ஆனால் காது நிமிர்கிறது.

2024 மார்ச் 27

மூதூரிலிருந்து ஒரு அண்ணை கேட்கிறார்: “தண்ணீரைக் குறைத்தால் இரவில் எழும்பத் தேவையில்லையே?” நானும் முதல் கிழமை அதைத்தான் செய்தேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு சட்டியைத் தூக்கி வைத்தேன். விடிய இரண்டு மணிக்குக் குளியலறை வாளியைக் கவிழ்த்து நக்கிக்கொண்டு நின்றான். இது வீண்தாகம் என்று நினைத்தது என் பிழை. குளிசையால் மூத்திரம் அளவு மீறிப் போகிறது, போனதை ஈடுசெய்யத்தான் குடிக்கிறான். தண்ணீரை மறித்தால் உடம்பு வற்றும். சட்டிகளைக் கூட்டினேன்: முற்றத்தில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று. கட்டிலடியில் ஒரு டோர்ச். வெளியே போகும்போது டோர்ச்சை மறக்க வேண்டாம், பாம்பு.

சில கிழமைக்கு ஒருதரம் மூத்திரத்தையும் பரிசோதிக்கக் கொடுங்கள். ஸ்டீராய்டில் இருக்கும் நாய்க்கு மூத்திரப்பையில் கிருமி இருந்தாலும் முனகாது, எரிச்சல் காட்டாது. ஸ்டீராய்ட் அதை மூடிவிடும்.

2024 ஏப்ரல் 2

பார்மசிக் கதை. மருந்துத் துண்டில் நோயாளி பெயர் ஜிம்மி. கவுண்டரில் இருந்த பிள்ளை “ஜிம்மி யார்?” என்று கூப்பிட, எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் “நான்தான்” என்று வந்து காசும் கொடுத்துவிட்டார். அவருக்குப் பிரஷருக்கு மருந்தாம். நல்ல வேளை, பையைத் திறந்து பார்த்தார். “இத்தனை குளிசை எனக்கு எப்ப எழுதினவை?” அது நாய்க்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்கு என்றேன். “கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ தம்பிய” என்றுவிட்டுப் போனார்.

2024 ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பதினொரு முறுக்கு, இரண்டு கொக்கிஸ், எண்ணெய்க் கடுதாசி, எல்லாம் ஜிம்மி வயிற்றில். இரவெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு இருந்தேன். அவன் நன்றாகத் தூங்கினான்.

2024 ஏப்ரல் 15

நான்கு குளிசைக்கு இறக்கம். ஒவ்வொரு குறைப்புக்கும் நடுவே மூன்று கிழமை, ஒவ்வொரு தரமும் கால்வாசி அளவு. இது எங்கள் வைத்தியரின் தனிக் கணக்கு இல்லை. 2019 இல் அமெரிக்க மிருக உள்மருத்துவ நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறதாம். இரத்தம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். எண் விழுந்திருந்தால் இறக்கம் இல்லை.

ஏன் இவ்வளவு ஆறுதலாக என்று கேட்ட தங்கைக்கு: சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அவைதான் சுரக்கும். வெளியிலிருந்து வந்து கொட்டினால் ‘நமக்கென்ன வேலை’ என்று படுத்துவிடும். திடீரென்று குளிசையை மறித்தால் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. சத்தி, நடுக்கம், விழுந்து கிடப்பது, உயிரே போகலாம். அம்மா ஒருதரம் ‘முகம் ஊதுது’ என்று தானாகவே குளிசையை விட்டவர். ஐந்தாம் நாள் குசினியில் விழுந்தார். சேலைன் ஏற்றித்தான் கொண்டு வந்தோம். அதைப் பார்த்தவன் நான்.

2024 ஏப்ரல் 28

ஒரு சின்ன விலகல். பிரெட்னிசொலோனுக்கு மூத்தவர் கோர்ட்டிசோன். அதை 1948 இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவருக்கு என்ன நோய் தெரியுமா? அம்மாவுடைய அதே மூட்டுவாதம். படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழும்பி நடந்தார். 1950 இல் ஹென்ச், கெண்டல், றைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. கூடவே முகம் ஊதுவது, மனம் குழம்புவது எல்லாம் தெரியத் தொடங்கியது.

அம்மாவிடம் சொன்னேன். “பரிசு குடுத்தவை அந்தப் பொம்பிளையிட்ட கேட்டவையோ?” என்றார்.

2024 மே 6

மூன்று குளிசை. பீசீவீ 39. இன்று காலை பாண் ஓட்டோ. ஊளை!

அதிகம் இல்லை, தொண்டை கட்டினவர் மாதிரி ஒரு இழுவை. பாண்காரத் தம்பி ஓட்டோவை நிற்பாட்டி இறங்கியே வந்துவிட்டார்.

2024 மே 20

ஒன்று சொல்ல வேண்டும், திட்ட வேண்டாம். போன திங்கட்கிழமை நானாகவே மூன்றை இரண்டாக்கிவிட்டேன். வைத்தியர் ஊரில் இல்லை. அவனைப் பார்க்கவே சகிக்கவில்லை. வயிறு பானை, முதுகெலும்பு தெரிகிறது, பின்னங்கால் மெலிந்து ஓட்டோவில் ஏற முடியவில்லை, முடி கொட்டி வால் எலி வால் மாதிரி. எண் 39 வந்துவிட்டதுதானே, இரண்டு கிழமை முந்தினால் என்ன என்று நினைத்தேன். ஒரு கிழமையாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. மூச்சிரைப்பும் குறைந்த மாதிரி இருக்கிறது. மூன்று கிழமை விதி கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோ என்று தோன்றுகிறது.

2024 ஜூன் 3

மேலே மே 20 இல் எழுதியதை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

சனிக்கிழமை முரசு மறுபடி வெளிறியிருந்தது. இன்று பீசீவீ 23. வைத்தியர் ஏசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. குளிசைக் கணக்கு எழுதும் கொப்பியை வாங்கிப் பார்த்தார், மே 13 இல் என் கையெழுத்தில் ‘2’ என்று இருப்பதில் விரலை வைத்தார், அவ்வளவுதான். மறுபடி ஆறு குளிசை. கூடவே அசாதயோப்ரின் என்று இரண்டாவது மருந்து. ஸ்டீராய்டைப் பிறகு குறைக்க அது கைகொடுக்கும், ஆனால் வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். ஈரலையும் என்புமச்சையையும் தாக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை இன்னும் அடிக்கடி. அந்தக் குளிசையை உடைக்கக்கூடாது, தூளாக்கக்கூடாது, கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். மீனுக்குள் திணிப்பது இனி நான். அம்மாவுக்கு அனுமதி இல்லை.

இரத்தம் உள்ளே உறைந்து நுரையீரலில் அடைக்காமல் இருக்க குளோபிடோகிரெலும் உண்டு. இந்த நோயில் பல நாய்கள் போவது இரத்தம் குறைந்து இல்லையாம், உறைந்து. மாமா இதயத்துக்கு எடுப்பதும் அதே குளிசைதான். குடும்பத்தில் எல்லாருடைய மருந்தும் ஜிம்மிக்கு வந்துவிட்டது.

ஐந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது. நான் மிச்சம் பிடித்தது இரண்டு கிழமை.

2024 ஜூன் 5

முதலில் குளிசையை நிற்பாட்டச் சொன்னவர் எழுதியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: “நான் சொன்னேனே என்று சொல்ல வரவில்லை. எங்கள் நாய் கீழ்க்காய்நெல்லியில் எழும்பியது உண்மை. ஆறாம் கிழமை திரும்ப விழுந்து செத்ததும் உண்மை. அதை அன்றைக்கு நான் எழுதவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில், என்ன நோய் என்று ஒருவரும் பார்க்கவில்லை.”

2024 ஜூன் 6

நேற்றுப் பதில் எழுத உட்கார்ந்து எழும்பிவிட்டேன். உங்கள் நாயின் பெயர் என்ன?

2024 ஜூன் 6, இரவு

றொக்கி. சரி.

2024 ஜூன் 23

கச்சான் காற்று. வெளியூர்க்காரருக்கு: நமக்குக் கச்சான் என்றால் கொறிக்கிற கடலையும்தான், இந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து அனலாக வீசுகிற காற்றும்தான். இரண்டும் வறுத்தது. ஸ்டீராய்ட் நாய் சும்மாவே மூச்சிரைக்கும், இதில் கச்சான் சேர்ந்தால் நாக்கு தரையில். மார்ச்சில் இந்த மூச்சிரைப்பை வெக்கை என்று நினைத்தேன், மே மாதம் குளிசை என்று நினைத்தேன். வைத்தியர் மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: இரத்தம் குறைந்தாலும் இரைக்கும். எனவே முதலில் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் விசிறியைப் போடுங்கள். வெள்ளை என்றால் வானைப் பிடியுங்கள்.

நனைத்த சாக்கு ஒன்றைச் சீமெந்துத் தரையில் விரித்திருக்கிறேன். அவன் அதில் படுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை படுக்கிறது.

நடை விடிய ஐந்தரைக்கு, டச்சுக்குடா மணலில், பத்து நிமிடம். மெலிந்த தசைக்கு நடை வேண்டும், ஆனால் பாய்ச்சல் கூடாது. ஓட்டோவில் ஏற்ற நானே தூக்குகிறேன். 18 கிலோ இப்போது 21.5 கிலோ. என் இடுப்புக்கும் யாராவது குளிசை எழுதித் தரலாம்.

2024 ஜூலை 1

பீசீவீ 33. ஆறிலிருந்து நான்கரை. கொப்பியில் எழுதுவது இனி அம்மா. எனக்குப் பேனை இல்லை.

2024 ஜூலை 22

மூன்றரை. வந்துபோன சித்தப்பா ஒருவர் இவன் நொண்டுவதைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து டைக்ளோபெனாக் எடுத்து “அரைவாசி போடு, சரியாகும்” என்றார். நான் கிணற்றடியில் இருந்தேன். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாராம். தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்டீராய்டோடு மனிதர்களின் நோக்குளிசை சேர்ந்தால் நாயின் இரைப்பையும் குடலும் புண்ணாகி ஓட்டை விழலாம். டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன், எதுவும் வேண்டாம். பரசிட்டமோலும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மலம் தார் மாதிரிக் கறுத்தால் காத்திருக்கவே வேண்டாம்.

2024 ஓகஸ்ட் 8

பிடரியில் கரடுமுரடாக ஒரு திட்டு. தொட்டால் சீமெந்துப் பொருக்கு. சொறி என்றார் ஒருவர், கழிவு ஒயில் பூசச் சொன்னார் இன்னொருவர். ஊரில் பாதி நாய்கள் அந்த வைத்தியத்தோடுதான் திரிகின்றன, தோல் வெந்து. பூசவில்லை. படம் அனுப்பினேன். தோலில் சுண்ணாம்புச் சத்துப் படிந்திருக்கிறது, நீண்ட ஸ்டீராய்டில் வருவதுதான் என்றார் வைத்தியர். அளவு குறையக் குறையத் தானே கரையுமாம்.

2024 ஓகஸ்ட் 19

இரண்டரை. அவசரப்படவில்லை என்பதை இங்கே எல்லார் முன்னிலையிலும் பதிவு செய்கிறேன்.

தடுப்பூசி பற்றிக் கேட்ட தம்பிக்கு: உயிருள்ள கிருமியில் செய்த ஊசிகள் இப்போது கூடாது என்றார் எங்கள் வைத்தியர். விசர்நாய்க்கடி ஊசி செத்த கிருமியில் செய்தது, ஆனாலும் எப்போது போடுவது என்பதை உங்கள் வைத்தியரே சொல்லட்டும். தெருவில் கூட்டமாகப் போடும் நாளில் நோயைச் சொல்லாமல் கொண்டு போய் நிறுத்த வேண்டாம். உண்ணிக்கு மாதக் குளிசை தவறாமல் கொடுக்கிறேன். நாயில் உண்ணியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் வெடிப்பை விட்டால் பயனில்லை, அது குடியிருப்பது அங்கேதான்.

2024 செப்டெம்பர் 30

ஒன்றரை. இரண்டு எப்போது போனது என்று கேட்பீர்கள், செப்டெம்பர் 9. அம்மாவின் கொப்பியில் இருக்கிறது, நான்தான் இங்கே எழுத மறந்தேன்.

குணம் மாறுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆறு குளிசை நாட்களில் சாப்பாட்டுச் சட்டியருகே போன என் மகளைப் பார்த்து உறுமினான். ஏழு வருடத்தில் முதல் தரம். மகள் அழுதாள், பயத்தில் இல்லை, அவமானத்தில். அன்றிலிருந்து அவன் சாப்பிடுவது குசினிக்குப் பின்னால், தனியாக, கதவு சாத்தி. குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர் முதல் நாளே இதைச் செய்யுங்கள். இப்போது ஒன்றரையில் பழைய ஜிம்மி பாதி திரும்பிவிட்டான். மகள் இன்னும் கதவைச் சாத்திவிட்டுத்தான் போகிறாள்.

2024 ஒக்டோபர் 31

தீபாவளி. ஒரு குளிசை மூன்று நாளாக. ஒழுங்கை முழுக்க வெடி. கட்டிலுக்குக் கீழே அவன், மேலே அம்மா. இருவரும் ஐந்து மில்லிகிராம். “இப்ப ரெண்டு பேரும் சமம்” என்கிறார் அம்மா.

2024 நவம்பர் 25

அரைக் குளிசை. மழை. பிடரித் திட்டு பாதி உதிர்ந்துவிட்டது. இரவில் ஒரே ஒருதரம் எழும்புகிறான். பழக்கத்தில் நான் இன்னும் மூன்று தரம் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டு நிற்கிறேன், அவன் படுத்தபடி பார்க்கிறான்.

2025 ஜனவரி 20

டிசம்பர் 23 இலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அரை. இன்று அதுவும் இல்லை. முதல் இரண்டு கிழமை சோர்வு, சத்தி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். படுத்த சுரப்பிகள் எழும்பியிருக்க வேண்டும். அசாதயோப்ரின் இன்னும் தொடரும்.

காலை ஏழு மணி. அம்மா பெட்டியைத் திறக்கும் ‘டக்’ சத்தம். ஜிம்மி வந்து முன்னால் இருந்தான். “உனக்கு முடிஞ்சுது ராசா” என்றார். அவன் நகரவில்லை. கடைசியில் குளிசை இல்லாத சூடை மீன் ஒன்று கொடுத்தார். அதைக் கடிக்காமல், குளிசை இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி முன்பல்லால் பிரித்துப் பார்த்துத்தான் சாப்பிட்டான். இவ்வளவு நாளும் தெரியாமல் விழுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2025 ஏப்ரல் 5

பீசீவீ 43. அசாதயோப்ரின் நின்று மூன்று கிழமை. திரும்பி வரக்கூடிய நோய்தான், அதனால் மாதம் ஒருதரம் இரத்தம், தினமும் முரசு. பல் விளக்குவது மாதிரிப் பழகிவிட்டது. வருகிற விருந்தாளிகளின் நாய்களுக்கும் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், தடுக்க முடியவில்லை.

2025 ஏப்ரல் 6

மிஞ்சிய பிரெட்னிசொலோன் குளிசைகளை ஏழை நாய் யாருக்காவது தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 38 மிஞ்சியிருந்தன. எண்ணி மேசையில் வைத்தேன். அம்மா திகதியைப் பார்த்தார், தன் பெட்டியைத் திறந்தார், உள்ளே கொட்டி மூடினார். “இவ்வளவு நாளும் அவன் என்ர மிச்ச மீனைச் சாப்பிட்டான்” என்றார்.